நகரமயமாதலின் கொள்கைச் சிக்கல்கள்: பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள்

நகரமயமாதல் என்பது ஒரு நாட்டின் மக்கள்தொகையில் நகரங்களில் வாழ்வோரின் பங்கு கூடிக்கொண்டே போவதைக் குறிக்கும் சொல். ஐக்கிய நாடுகள் அவை 2018-இல் வெளியிட்ட கணிப்பின்படி, அப்போது உலக மக்களில் 55 விழுக்காட்டினர் நகரவாசிகள். 2050-இல் அது 68 விழுக்காடாகும். இடையில் புதிதாகச் சேரும் நகர மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் இந்தியா, சீனா, நைஜீரியா ஆகிய மூன்று நாடுகளிலேயே இருப்பார்கள். இந்தக் கணக்கை வைத்து எழுதப்படும் கொள்கை ஆவணங்கள் பெரும்பாலும் பெருநகரத்துக்குள்ளேயே சுற்றிவருகின்றன: குடிசைப் பகுதி, குடிநீர், குப்பை, நெரிசல், வெள்ளம். எல்லாம் உண்மையான சிக்கல்கள்தாம். ஆனால் ஒரு நாடு வேகமாக நகரமயமாகும்போது அதன் சுமையில் கணிசமான பங்கு நகர எல்லைக்கு வெளியே, கிராமம் என்று பதிவான இடங்களில் இறங்குகிறது. தமிழ்நாட்டில் அதைக் காணப் பெரம்பலூரும் அரியலூரும் பொருத்தமான மாவட்டங்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் 48.4 விழுக்காட்டினர் நகரவாசிகள். அரியலூரில் அந்தப் பங்கு 11.1 விழுக்காடு, மாநிலத்திலேயே கடைசி இடம். பெரம்பலூரில் 17.2, கடைசி மூன்று இடங்களுள் ஒன்று. நகரம் குறைந்த இந்த இரு மாவட்டங்களும் நகரமயமாதலுக்குக் கல், ஆள், நிலம் மூன்றையும் கொடுக்கின்றன. பேரேட்டில் அவை கிராமமாகவே இருப்பதால், பேரேட்டைப் பார்த்து நடக்கும் பணமும் சட்டமும் திட்டமும் இவற்றை எட்டுவதில்லை. ஊரை நகரம், கிராமம் என்று இரண்டே கட்டங்களில் அடைக்கும் அந்தக் கோடுதான் கொள்கையின் முதல் சிக்கல் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இந்த மண்ணுக்கு நகரம் புதிதல்ல. முதலாம் இராசேந்திரன் 1025-ஐ ஒட்டி அமைத்த கங்கைகொண்ட சோழபுரம் ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழர் தலைநகராக இருந்தது. இன்று அது அரியலூர் மாவட்டத்தில் ஒரு கிராம ஊராட்சி. கோயில் நிற்கிறது, அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் செங்கல் அடித்தளங்கள் மட்டும் தெரிகின்றன. நவீன நிர்வாக வரைபடமும் இங்கே நிலையாக இருக்கவில்லை. 1995-இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001-இல் அதிலிருந்து அரியலூர் பிரிந்து, 2002-இல் திரும்பச் சேர்க்கப்பட்டு, 2007 நவம்பர் 23-இல் மறுபடி தனியானது. அரியலூருக்கு ரயில் உண்டு; பெரம்பலூரில் நிலையமே இல்லை, சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலைதான் அதன் உயிர்நாடி. அறுவடைக் காலத்தில் மக்காச்சோளம் காய்வது அந்தப் பக்கத்துச் சாலையோரங்களில்தான். உலர்களம் இல்லாத ஊருக்கு நாற்கரச் சாலை வந்தால், சாலையே களமாகிவிடுகிறது.

முதலில் கல். ஏறக்குறைய பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இப்பகுதியைக் கடல் மூடியிருந்தது. அது விட்டுச்சென்ற சுண்ணாம்புப் படிவுகளில் கல்லங்குறிச்சிப் படிவு பேர்போனது; உள்ளங்கையை மறைக்கும் அளவுள்ள சிப்பி ஓடுகள் அதில் அடுக்கடுக்காகக் கிடக்கும். புவியியல் மாணவர்கள் அவற்றைப் பத்திரமாகப் பொதிந்து எடுத்துப்போவார்கள். ஆலைக்கு அவை மூலப்பொருள். அரசின் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் அரியலூர் ஆலை 1979-இல் தொடங்கியது. இன்று ரெட்டிப்பாளையம், ஆலத்தியூர், கோவிந்தபுரம், தளவாய், கீழப்பழுவூர் என்று வரிசையாகத் தனியார் ஆலைகள். ஒரு டன் கிளிங்கர் எடுக்க ஏறத்தாழ ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் 1,450 பாகை அளவுக்குச் சுட வேண்டும். அந்தக் கிளிங்கரை அரைத்து 50 கிலோ மூட்டையாக்கினால், அது சென்னையின் அடுக்குமாடிக்கோ மெட்ரோ தூணுக்கோ போகிறது. இங்கே மிஞ்சுவது தண்ணீர் தேங்கிய பள்ளமும், சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓயாமல் ஓடும் சாலையும், வேப்பிலைமேல் படியும் தூசியும். லாரிகளுக்குத் தனிப்பாதை வேண்டும் என்பது அரியலூர் மாவட்டத்தின் பழைய கோரிக்கை. ஒரு மாநகராட்சிக்குள் இத்தனை கனரக வண்டிகள் ஓடினால் அதைப் போக்குவரத்துத் திட்டம் என்று பெயரிட்டு நிதி கேட்பார்கள். ஊராட்சிச் சாலையில் ஓடினால் அது வெறும் புகார் மனு. தண்ணீரின் கதையும் இப்படித்தான். அரியலூரின் தென்கிழக்கு விளிம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே நிற்கும் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணம் நிறைகிறது. 2004 முதல் அந்த ஏரியின் நீர் 200 கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் ஓடிச் சென்னையை அடைகிறது.

அடுத்தது ஆள். பெரம்பலூர் பெரும்பாலும் வானம்பார்த்த பூமி. மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் என்று மழைக்கும் விலைக்கும் நடுவே ஊசலாடும் வேளாண்மை. விதை வெங்காயத்தைப் பட்டறை போட்டுக் காத்து வைத்திருந்து, நட்ட பிறகு சென்னைக் கோயம்பேடு சந்தையின் விலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிழைப்பு. ஆகவே ஆண்கள் வெளியேறுகிறார்கள்: லப்பைக்குடிக்காடு பக்கத்திலிருந்து வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும், செந்துறை, ஆண்டிமடம் பக்கத்திலிருந்து கொத்தனாராக, சித்தாளாக, லோடுமேனாகச் சென்னைக்கு. இவர்களில் பலர் குடும்பத்தோடு குடிபெயர்ந்தவர்கள் அல்லர். வேலை இருக்கும்வரை கட்டடத்திலேயே கூரை போட்டுத் தங்கி, பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் நடவுக்கும் ஊர் வந்து திரும்புகிறவர்கள். எந்தக் கணக்கெடுப்பிலும் பிடிபடாத இந்தப் போக்குவரத்து ஒரே ஒருமுறை எண்ணாக வெளியே வந்தது. 2020 மே முதல் வாரத்தில் கோயம்பேடு சந்தை கொரோனா தொற்றால் மூடப்பட்டபோது, அங்கே மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் சரக்கு வண்டிகளில் ஊர் திரும்பினார்கள். அதுவரை விரல்விட்டு எண்ணத்தக்க தொற்றே இருந்த அரியலூரில் சில நாட்களில் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் ஏறியது. கடலூர், விழுப்புரம், பெரம்பலூரிலும் அப்படியே. மாநிலத்திலேயே நகரத்தன்மை குறைந்த மாவட்டம், மாநிலத்தின் மிகப் பெரிய சந்தையோடு எவ்வளவு நெருக்கமாகப் பின்னிக்கிடக்கிறது என்பதை எந்தத் திட்டக்குழு அறிக்கையையும்விட அந்தப் பரிசோதனை முடிவுகள் தெளிவாகச் சொல்லின.

இந்த இடத்தில் 11.1 என்ற எண்ணையே கொஞ்சம் உற்றுப்பார்க்க வேண்டும். இந்தியக் கணக்கெடுப்பில் ஓர் ஊர் நகரமாவதற்கு இரண்டு வழிகள். ஒன்று, மாநில அரசு அதை மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்று அறிவிப்பது. மற்றொன்று, மூன்று அளவுகோல்களை ஒருசேர நிறைவேற்றுவது: 5,000 மக்கள், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் முதன்மைத் தொழிலாளர்களில் 75 விழுக்காட்டினர் வேளாண்மை அல்லாத தொழிலில் இருத்தல். அரியலூர் மாவட்டத்தின் சராசரி அடர்த்தி சுமார் 390. அதாவது வயல், முந்திரிக்காடு, சுரங்கம் எல்லாவற்றையும் சேர்த்துப் பரப்பினாலே நகர அளவுகோலை ஏறக்குறையத் தொட்டுவிடுகிற அடர்த்தி. வேளாண்மை நெருக்கத்தையும் நகரத் தொழிலையும் கலந்து வாழும் இத்தகைய ஆசியப் பகுதிகளுக்குப் புவியியலாளர் டெரி மெக்கீ 1991-இல் இந்தோனேசிய மொழியிலிருந்து ஒரு பெயர் எடுத்தார்: தேசகோட்டா. ஊர் என்று பொருள்படும் தேச, நகர் என்று பொருள்படும் கோட்டா. நம் கோட்டையை அதில் அடையாளம் காணத் தமிழர்க்கு அகராதி தேவைப்படாது. கேரளம் இதற்கு நேரான சான்று. அங்கே 2001-க்கும் 2011-க்கும் இடையே நகர மக்கள் பங்கு 26-இலிருந்து 47.7 விழுக்காடாகத் தாவியது. யாரும் பெட்டி கட்டிக்கொண்டு நகரத்துக்குப் போகவில்லை, பெரும்பாலும் ஏற்கெனவே இருந்த ஊர்களே அளவுகோலைத் தாண்டின. நாடு முழுவதும் இப்படிக் கணக்கெடுப்பால் மட்டும் நகரமானவை 1,362-இலிருந்து 3,894 ஆயின. நகரமயமாதலின் அளவு ஓரளவுக்கு மண்ணில் நடப்பதைச் சார்ந்தது. ஓரளவுக்கு நாம் எந்த முழக்கோலால் அளக்கிறோம் என்பதைச் சார்ந்தது.

அப்படியானால் பெரிய ஊராட்சிகளைப் பேரூராட்சிகளாக்கிவிட்டால் போகிறது, இதில் என்ன சிக்கல் என்று கேட்கலாம். நிர்வாகத்தில் பலரும் முன்வைக்கும் தீர்வு இதுதான். ஆனால் பெயர்ப்பலகையை மாற்றுவது இந்தியாவில் பணக் கணக்கை மாற்றுவது. தமிழ்நாட்டு அரசே 2004-இல் 566 பேரூராட்சிகளைச் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக மாற்றியது. ஊரகத் திட்டங்களுக்கான மத்திய நிதியைப் பெறலாம் என்பது காரணம். 2006-இல் அவை திரும்பவும் பேரூராட்சிகளாயின. இரண்டு ஆண்டுகளில் அந்த ஊர்களில் ஒரு தெருவும் மாறியிருக்காது, நகரம் கிராமமாகி மறுபடி நகரமானது காகிதத்தில் மட்டும். மக்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். பக்கத்து நகராட்சியோடு ஊராட்சியை இணைக்கும் அறிவிப்பு வரும்போதெல்லாம் தமிழகமெங்கும் பெண்கள் ஆட்சியர் அலுவலக வாசலில் அமர்வதற்கு முதல் காரணம், ஊரகங்களுக்கான வேலை உறுதித் திட்டத்தின் கூலி வேலை போய்விடும் என்ற அச்சம். இரண்டாவது, வீட்டு வரியும் குடிநீர்க் கட்டணமும் ஏறும் என்பது. இதை அறியாமை என்று ஒதுக்குவது தவறு. கணவன் சென்னையில் இருக்க, ஊரில் குழந்தைகளோடு இருக்கும் பெண்ணுக்கு அந்தக் கூலி கையில் வரும் நிச்சயமான பணம்; நகராட்சி தரப்போவதாகச் சொல்லும் பாதாள சாக்கடையோ எப்போது வரும் என்று தெரியாத பொருள். தமிழ்நாடு நகர்ப்புறங்களுக்கும் ஒரு வேலைவாய்ப்புத் திட்டத்தை 100 கோடி ரூபாயில் சில இடங்களில் தொடங்கிப் பார்த்தது. ஊரகத் திட்டத்தின் பரப்போடு ஒப்பிட்டால் அது கைப்பிடி மண். எனவே ஊரைத் தரம் உயர்த்துவதற்கு மக்கள் மறுப்பதில்லை. உயர்த்தும்போது பறிக்கப்படுவதைத்தான் மறுக்கிறார்கள். வேலை உறுதியும் மானியமும் ஊரின் பெயரைப் பார்க்காமல் குடும்பத்தின் வருமானத்தைப் பார்த்து வரும் நாளில் இந்த எதிர்ப்பில் பெரும்பகுதி தானே கரைந்துவிடும்.

மறுபக்கம், ஊராட்சியாகவே இருந்துவிடுவதன் விலையும் சிறிதல்ல. அரியலூர் மாவட்டத்தின் 201 ஊராட்சிகளில் ஒன்றுக்குச் சராசரி 3,300 பேர்; பெரம்பலூரின் 121-இல் ஒன்றுக்கு 3,900-ஐ நெருங்குகிறது. ஐந்தாவது மாநில நிதி ஆணையம் உள்ளாட்சிகளுக்கான பகிர்வை ஊரகத்துக்கு 56, நகர்ப்புறத்துக்கு 44 என்று பிரித்தது. ஊர்ப்புறப் பங்கு பெரிது என்று தோன்றும். ஆனால் அதைத் தமிழகமெங்கும் 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளும் ஒன்றியங்களும் மாவட்ட ஊராட்சிகளும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். ஓர் ஊராட்சிச் செயலர், சில தூய்மைக் காவலர்கள், ஒரு மேல்நிலைத் தொட்டியை இயக்கும் ஆள்: சுரங்கத்தையும் நெடுஞ்சாலையையும் மனைப்பிரிவையும் ஒரே நேரத்தில் எதிர்கொள்ளும் ஊருக்குப் பெரும்பாலும் இவ்வளவுதான் நிர்வாகம்.

நிலம் இந்தச் சிக்கலின் மிகக் கசப்பான பகுதி. ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்காக 1990-களில் அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோ மூலம் பதின்மூன்று கிராமங்களில் 8,000 ஏக்கருக்கும் மேல் கையகப்படுத்தப்பட்டது. ஏக்கருக்குக் கிடைத்தது சில பத்தாயிரம் ரூபாய். இழப்பீட்டு வழக்குகள் கால் நூற்றாண்டு நீண்டன. நிலக்கரி வெட்டப்படவேயில்லை. 2022-இல் நிலத்தை உரியவர்களுக்கே திருப்பித் தர அரசு முடிவெடுத்தது. இடைப்பட்ட காலத்தில் அந்த நிலத்தை விற்கவோ அடகு வைக்கவோ ஆழ்குழாய் போடக் கடன் வாங்கவோ முடியாமல் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. பெரம்பலூர் மாவட்டத்தில் திருமாந்துறையை ஒட்டிச் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கென்று 2007-ஐ ஒட்டிச் சுமார் 3,000 ஏக்கர் வாங்கப்பட்டது. ஆண்டுகள் பல கடந்தும் அதன் பெரும்பகுதியில் முள்தான் முளைத்தது. நகரமயமாதலின் பெயரால் நிலம் முதலில் எடுக்கப்படுவதும் தொழில் பிறகு வராமல் போவதும் தனித்தனி விபத்துகள் அல்ல. எடுக்கும் அதிகாரம் தலைநகரில் இருக்கிறது, வராமல் போனதன் நட்டம் ஊராட்சியில் இறங்குகிறது. இதற்கு நடுவில் சந்தை தன் போக்கில் வேலை செய்தது. சோளக்கொல்லைகளுக்கு நடுவே வெள்ளையடித்த மனைக்கற்களும் நிறக்கொடிகளும் வரிசையாக முளைத்தன. அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தபோதுதான் மாநிலமெங்கும் எவ்வளவு விளைநிலம் இப்படித் துண்டாகியிருக்கிறது என்று வெளியே தெரிந்தது. 2017 மே மாதத்தில் வரன்முறை விதிகள் வந்தன. பணம் கட்டியவர்களுக்கு மனை சட்டப்படியானது. வடிகாலும் சாலையும் அந்த ரசீதோடு வந்துவிடவில்லை.

இதுவரை சொன்னவற்றுக்கு எதிராக வலுவான ஒரு வாதம் உண்டு. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. மனிதரும் தொழிலும் நெருங்கிக் குவியும்போதுதான் உற்பத்தித்திறன் ஏறுகிறது. ஊர் ஊராகத் தொழிலைத் தூவுவது பணத்தை வீணடிப்பது. ஆகவே ஆட்கள் சென்னைக்கும் திருப்பூருக்கும் போகட்டும், அரசு குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும் என்பது அது. உலக வங்கியின் 2009 வளர்ச்சி அறிக்கை ஏறத்தாழ இந்தக் கருத்தையே முன்வைத்தது. சென்னையில் ஒரு கொத்தனாரின் நாள் கூலி செந்துறையில் கிடைக்காது என்பதை யாரும் மறுக்க முடியாது. யாரையும் ஊரில் கட்டிப்போடுவது கொள்கையும் ஆகாது. குடிப்பதிவு முறையால் கிராமத்தாரை நகர உரிமைகளுக்கு வெளியே நிறுத்திய சீனாவின் அனுபவம் அதற்குப் போதுமான எச்சரிக்கை. ஆனால் அதே உலக வங்கி அறிக்கை இன்னொன்றும் சொன்னது: பொருளாதாரம் குவியலாம், அடிப்படைச் சேவைகள் எல்லா இடத்திலும் சமமாக இருக்க வேண்டும். முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவது வசதியான பழக்கமாகிவிட்டது. தமிழ்நாட்டில் இரண்டாம் பாதிக்கு முன்மாதிரிகள் ஏற்கெனவே உண்டு. 1994-இல் அமைந்த கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் கட்டடச் செலவில் ஒரு விழுக்காட்டைத் தீர்வையாகத் திரட்டி, பதிவு செய்த தொழிலாளியின் குடும்பத்துக்குக் கல்வி, திருமணம், இறப்பு உதவியாகத் தருகிறது. கட்டடம் சென்னை வேளச்சேரியில், உதவி அரியலூர் மாவட்டத்து உடையார்பாளையத்தில். உதவி ஆளைத் தொடர்கிறது, எல்லைக்கோடு அதைத் தடுக்கவில்லை. 2020 அக்டோபரில் வந்த எங்கும் ரேஷன் வாங்கும் ஏற்பாடும் இதே திசையில் ஓர் அடி.

உதவி ஆளைத் தொடரும் இந்த வழி ஆளுக்குப் பொருந்தும். கல்லுக்கும் நிலத்துக்கும் பொருந்தாது; வெட்டிய கல் திரும்பி வருவதில்லை, நிலம் நகர்வதே இல்லை. அவற்றுக்கு இடத்தைச் சார்ந்த கருவிகள் வேண்டும், சட்டப் புத்தகத்தில் அவை இருக்கவும் செய்கின்றன. 2015-இல் திருத்தப்பட்ட கனிமச் சட்டம் மாவட்டந்தோறும் கனிம அறக்கட்டளை அமைக்கச் சொன்னது. பழைய குத்தகைகள் உரிமத்தொகையில் 30 விழுக்காட்டுக்குச் சமமான தொகையையும் புதியவை 10 விழுக்காட்டையும் அதில் செலுத்த வேண்டும். சுண்ணாம்புக்கல் மாவட்டமான அரியலூருக்கு இது லாரிப் பாதைக்கும் பள்ளங்களைச் சீராக்குவதற்கும் குடிநீருக்கும் ஆன இயல்பான நிதி; பள்ளிச் சுற்றுச்சுவர், சமுதாயக்கூடம் என்று அது சில்லறையாகச் சிதறாமல் இருந்தால் மட்டும். அரசியல் சட்டத்தின் 74-ஆம் திருத்தம் மாவட்டத் திட்டக் குழு ஒன்றைக் கட்டாயமாக்கியது; அதன் உறுப்பினரில் ஐந்தில் நான்கு பங்கினர் மாவட்ட ஊராட்சி, நகராட்சி உறுப்பினர்களால், ஊரக–நகர மக்கள் விகிதப்படி தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். நகரத்தையும் கிராமத்தையும் ஒரே மேசையில் உட்காரவைக்க நம் சட்டம் படைத்த அவை இது. ஆனால் மனைப்பிரிவு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் வழியாகவும், சுரங்கம் கனிம வளத்துறை வழியாகவும், தொழிற்பூங்கா சிப்காட் வழியாகவும் முடிவாகும்போது அந்த மேசைக்கு வந்து சேர்வது முடிந்துபோன முடிவுகளின் பட்டியல். மாவட்டத்தில் எந்த நிலம் எதற்கு என்ற வரைபடத்தை அங்கே முதலில் வரைந்தால், திருமாந்துறை முட்காட்டை யாராவது முன்கூட்டியே கேள்வி கேட்டிருக்கலாம்.

இப்போது தொழில் உண்மையிலேயே வரத் தொடங்கியிருக்கிறது, அதுவும் எதிர்பாராத வடிவில். பெரம்பலூர் மாவட்டம் எறையூர் சிப்காட்டில் 2022 நவம்பரில் காலணிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது; 2024 நவம்பரில் ஜெயங்கொண்டம் சிப்காட்டில் தைவான் நிறுவனம் ஒன்றின் காலணி ஆலைக்கு. காலணித் தொழிலின் தன்மை செய்யாற்றுக் காலணி ஆலைகளில் ஏற்கெனவே தெரிந்ததுதான்: தையலுக்கும் ஒட்டுக்கும் பெரும்பாலும் இளம் பெண்கள், அவர்கள் ஊரைவிட்டுக் குடிபெயர்வதில்லை, ஆலைப் பேருந்து விடியலில் கிராமத்து முனையில் நின்று ஏற்றிக்கொண்டு போய் மாலையில் இறக்கிவிடும். கூலி ஆலையினுடையது, வீடு ஊராட்சியினுடையது. கழிவுநீர், தெருவிளக்கு, குழந்தைகள் காப்பகம், இரவு நேரப் பேருந்து நிறுத்தம் எல்லாம் ஆலை வளாகத்துக்கு வெளியே, 3,500 பேர் கொண்ட ஊராட்சிகளின் தலையில். அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐ அளவீட்டு நாளாகக் கொண்டது. கணக்கெடுப்பாளர் எறையூரைச் சுற்றிய ஒரு தெருவில் கதவைத் தட்டும்போது, ஆலைக்குப் போகும் பெண்ணைத் தொழிற்சாலைத் தொழிலாளி என்று சரியாகவே பதிவார். ஆனால் ஊர் நகரமா கிராமமா என்பதை முடிவுசெய்யும் 75 விழுக்காட்டு விதி ஆண்களின் தொழிலை மட்டும் எண்ணுவது. அந்த விதி மாறாவிட்டால், வீட்டில் கணவன் மக்காச்சோளம் விதைத்துக்கொண்டிருக்கும்வரை, மனைவி எத்தனை ஆயிரம் ஜோடிச் செருப்பு தைத்தாலும் அந்த ஊர் கிராமம்தான்.